நீலநாகத்தின் விலை

வடபழனியில் ஒரு வணிக வளாகத்தின் கீழ்த்தளத்தில் விளையாட்டு அட்டைக்கடை வைத்திருந்தாள் ஜெஸிந்தா. வயது முப்பது. அவளிடம் அட்டை வியாபாரம் கற்றுக்கொள்ள வந்த கோதண்டராமனுக்கு அறுபது தாண்டிவிட்டது. குருவைவிடச் சீடர் இரண்டு பங்கு மூத்தவர் என்று கடைக்கு வருகிறவர்கள் சிரிப்பார்கள். அவர் கண்டுகொள்வதில்லை. ஆயுள் முழுக்க அரசாங்கக் கணக்குப் பார்த்து, கறாரான ஆள் என்று பெயர் வாங்கியவர்.

அவருக்கு வேண்டியது ஒரே ஒரு அட்டை. நீலநாகம். பிள்ளைகள் விளையாடிச் சேர்க்கிற அட்டைகளில் அபூர்வமானது. அவருடைய மகன் முகுந்தன் சின்ன வயதில் அதை வைத்திருந்தான். பரீட்சையில் மார்க் குறைந்த ஒரு நாள், அவன் அழ அழ, கண்ணெதிரிலேயே அதைக் கிழித்துப் போட்டார் கோதண்டராமன். அன்றோடு மகன் அப்பாவிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டான். கனடாவுக்குப் போனபின் அந்தக் கொஞ்சமும் நின்றுபோயிற்று. கடைக்கு வந்த புதிதிலேயே இதையெல்லாம் ஜெஸிந்தாவிடம் சொல்லியிருந்தார்.

அதே அட்டையை வாங்கி அவன் கையில் கொடுத்துவிட வேண்டும். ஆசையெல்லாம் அதுதான். விலையைக் கேட்டபோதுதான் தலை சுற்றியது.

"எப்ப வாங்கினா மலிவு?" என்று முதல் நாளே கேட்டார்.

"கம்பெனிக்காரன் மறுபடி அச்சடிச்சு விடும்போது," என்றாள் ஜெஸிந்தா. "புதுசு வந்தா பழசும் கொஞ்ச நாளைக்கு விலை இறங்கும் சார். புதுசு வித்துத் தீர்ந்ததும் திரும்ப ஏறிடும். நாங்க நடுவுல வாங்குவோம்."

அந்தப் பாடத்தைக் குரங்குப்பிடியாகப் பிடித்துக்கொண்டார் கோதண்டராமன்.

மறுபதிப்பு வந்த வாரம் மூச்சு வாங்கப் படியிறங்கி வந்தார்.

"அடிமாட்டு விலைக்கு வந்துடுச்சாமே மேடம்!"

ஜெஸிந்தா கண்ணாடிப் பெட்டியைத் திறந்து பழைய நீலநாகத்தை எடுத்து வைத்தாள். பக்கத்தில் புதிய மறுபதிப்பு ஒன்றையும் வைத்தாள்.

"பையன் லீவுல வந்திருக்கார்னு சொன்னீங்களே. இருக்காரா?"

"முந்தாநாள் ஃபிளைட் ஏறிட்டான்."

"ஒரு மாசம் இருந்தாரே சார். கையிலேயே குடுத்திருக்கலாமே?"

"அப்ப விலை இறங்கலையே! நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க? எங்க வீட்டுலகூட அடிச்சுக்கிட்டா. பையன் எதிர் சோபாவுல உக்காந்திருக்கான், நீங்க போன்ல விலை பாத்துட்டு இருக்கீங்களேன்னு. அவளுக்கு என்ன தெரியும் வியாபாரம்? கூரியர்ல அனுப்பிட்டாப் போச்சு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இன்னும் ஒரு வாரம் பொறுத்தா இன்னும் கொஞ்சம் இறங்குமா?"

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். இந்த மனிதர் அந்த நமஸ்காரத்துக்கும் தள்ளுபடி கேட்டார்.

ஜெஸிந்தா மறுபதிப்பு அட்டையை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இதைக் கிழிங்க."

"என்னது?"

"கிழிங்க சார். காசு கேக்க மாட்டேன்."

குரு சொன்னால் தட்டக் கூடாது என்று எடுத்தார். இரண்டு கையாலும் பிடித்தார். நீலச் செதில்கள், தங்க நிறக் கண், சுருண்ட வால். இத்தனை நாள் விலையைத் தேடியவர், படத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தார். அழகாக இருந்தது.

"மனசு வரலை மேடம்," என்றார். "மறுபதிப்புன்னாலும் நல்ல அட்டை. இதைப் போய் யாராவது கிழிப்பாங்களா?"

சொன்னது என்னவென்று சொல்லி முடித்த பிறகுதான் அவர் காதில் விழுந்தது. முகம் செத்துப்போயிற்று. அப்போதும் வாய் சும்மா இருக்கவில்லை.

"அன்னைக்கு... இதோட மதிப்பு எனக்குத் தெரியாதும்மா."

ஜெஸிந்தா அவர் கையிலிருந்து அட்டையை வாங்கி உறையில் போட்டாள்.

"அட்டையோட மதிப்பு தெரியாது, சரி," என்றாள். "எதிர்ல நின்னு அழுதது யாருன்னு தெரியும்ல சார்?"