அண்ணாச்சியின் லட்ச ரூபாய்ப் பூட்டு

பேரூராட்சித் தலைவர் தங்கப்பழம் தன் கட்சியின் மாவட்டச் செயலாளரைக் கண்டபடி திட்டிய வாய்ஸ் மெசேஜ், அவர் போனிலிருந்தே கிளம்பி ஊர் வாட்ஸ்அப் முழுக்கச் சுற்றியது. பழி டிரைவர் இசக்கி மேல் விழுந்தது.

கடைத்தெருவில் வைத்தே தலைவர் கத்தினார். "ஏலே, இது லட்ச ரூபாய் போன்! உன் பட்டன் போன் மாதிரி கண்டவனும் திறக்க முடியாது. கூடவே சுத்துற நீதான் லாக்கைப் பாத்திருக்கே. வேற எவனாவது திறப்பான்னு காட்டு. இல்லேன்னா கார் சாவியை வச்சிட்டுக் கெளம்பு!"

இசக்கி அந்தப் போனை வாங்கி, அன்றுதான் ஊருக்குள் வந்திருந்த பஞ்சுமிட்டாய்க்காரரிடம் நீட்டினான்.

"அண்ணே, இது அந்தா நிக்காரே, அவரு போன். நாலு நம்பர் கேக்குது. திறங்க, பாப்போம்."

மிட்டாய்க்காரர் தலைவரைப் பார்த்தார். தலைவருக்குப் பின்னால் அதே முகம் இருபதடி பேனரில் கும்பிட்டுச் சிரித்தது. '12.08 அன்று ஐம்பதாவது பிறந்தநாள் காணும் சிங்கமே!'

ஒன்று, இரண்டு, பூஜ்யம், எட்டு என்று அழுத்தினார். போன் திறந்துகொண்டது.

கடைத்தெருவே சிரித்தது. தலைவர் பல்லைக் கடித்தார். "பின்னே என்ன நம்பர்தாம்லே வைக்க?"

"பொறந்த வருஷத்தை வைங்க அண்ணாச்சி," என்றான் இசக்கி. "பேனர்ல உங்களுக்கு வருஷா வருஷம் அம்பதாவது பொறந்தநாள்தான நடக்கு. நெசம் ஒரு பயலுக்கும் தெரியாது."