சிங்கம் குடித்த ஒரு வாய் பால்

கிளிமஞ்சாரோ மலை தெரிகிற புல்வெளியில் முன்பொரு காலத்தில் ஓர் ஈட்டி இருந்தது. சிங்கத்தைக் குத்துவதற்கென்றே அடித்துச் செய்த ஈட்டி. ஆனால் பாவம், அது இதுவரை குத்தியதெல்லாம் கறையான் புற்றைத்தான். சிங்கத்தைக் கொல்லக் கூடாது, காக்க வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. அதன் சொந்தக்காரனான மெபுகோரி என்ற மசாய் வீரனையே சிங்கத்துக்குக் காவலாளியாகப் போட்டுவிட்டார்கள். ஈட்டிக்கு மானமே போயிற்று. என்றாலும் மெபுகோரி மேல் அதற்குக் கொள்ளைப் பிரியம்.

அந்த மெபுகோரி மூன்று நாளாகப் பட்டினி கிடந்தான்.

பால் இல்லாமல் இல்லை. பஞ்சத்தில் மிஞ்சிய ஒரே பசுவான நெற்றிவெள்ளை, காய்ந்த புல்லைத் தின்றே எப்படியோ பால் கொடுத்துக்கொண்டிருந்தது. சுரைக்குடுக்கை நிறையப் பால் இருந்தது. ஆனால் மசாய் வீரன் தனியாகப் பால் குடிக்கக் கூடாது. அவனோடு அதே ஆண்டில் வீரனான கூட்டாளி ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து கூடக் குடிக்க வேண்டும். கூட்டாளிகள் பதினொரு பேரும் நகரத்துக்குப் போய்விட்டார்கள். பாதிப் பேர் வாசல் காக்கிறார்கள், மீதிப் பேர் ஹோட்டலில் வெள்ளைக்காரர்களுக்கு மசாய் குதியாட்டம் ஆடிக் காட்டுகிறார்கள்.

"ஒரு வாய் குடிக்கட்டுமே, யார் பாக்கப் போறாங்க?" என்று ஈட்டி கெஞ்சியது.

"நான் பாப்பேன்," என்றது குடுக்கை. அது ரொம்பக் கண்டிப்பான பேர்வழி.

"அப்போ துணைக்கு நான் இருக்கேன்."

"உனக்கு வாய் இருக்கா?"

"இவ்வளவு நேரம் எதால பேசறேன்?"

"பேசற வாயைக் கேக்கல. குடிக்கிற வாயைக் கேக்கறேன்."

மெபுகோரியின் இடுப்பிலிருந்த செல்போன் குறுக்கே புகுந்தது. "இதுக்கா இந்தப் பாடு? வீடியோவுல கூப்பிடறேன்." சொன்னபடியே கூப்பிட்டது. கூட்டாளி சைபுலு காவலாளி உடையில் திரையில் தோன்றி, "குடிடா! நான் சோடா வெச்சிருக்கேன்," என்றான். மெபுகோரி ஆசையாக ஒரு வாய் பாலை உறிஞ்சினான். அந்த நேரம் பார்த்து சிக்னல் போய்விட்டது.

பால் வாயில் நிற்கிறது. விழுங்கலாமா?

"விழுங்கினா தனியாக் குடிச்ச கணக்கு," என்றது குடுக்கை. மெபுகோரி துப்பினான். எறும்புகளுக்கு அன்று நல்ல விருந்து. ஈட்டிக்கு அழுகையே வந்துவிட்டது.

"இந்தக் காட்டுல வேற யாருமே இல்லையா?" என்று அது புலம்பியது.

"ஒருத்தர் இருக்கார். முந்நூறு அடி தூரம்," என்றது செல்போன். "அவர் கழுத்துல மாட்டின பட்டையிலேர்ந்து சிக்னல் வருது. அதுக்கு டவர் வேண்டாம்."

குடைவேல மரத்தடியில் படுத்திருந்த சிங்கம், ஈட்டியைக் கண்டதும் முகம் மலர்ந்து எழுந்தது. "வந்துட்டியா! எத்தனை வருஷமாக் காத்திருக்கேன்! எங்கப்பாவை ஈட்டியால குத்தி, அவர் பேர்ல பாட்டுக் கட்டினாங்க. எனக்குக் கிடைச்சது கழுத்துல இந்தக் கீச்சு கீச்சுப் பட்டைதான்."

"குத்த வரல," என்றது ஈட்டி, தலையைக் குனிந்துகொண்டு. "ஒரு வாய் பால் குடிக்கக் கூப்பிட வந்தேன்."

"பாலா? நான் பால் குடுக்கறவங்களையில்ல சாப்பிடுவேன்!"

"அது கிடக்கட்டும். உனக்குப் பிடரி முளைச்சது எந்த வருஷம்?"

"பெரிய அத்திமரம் விழுந்துச்சே, அந்த மழைக்கு."

ஈட்டி துள்ளிக் குதித்தது. "எங்க மெபுகோரி வீரனானதும் அதே மழைக்குத்தான்!"

குடுக்கை வெகுநேரம் யோசித்தது. "ஒரே ஆண்டு. குடிக்கிற வாயும் இருக்கு. செல்லும்," என்றது.

சிங்கம் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தது. மெபுகோரி மிச்சத்தை மடமடவென்று குடித்து முடித்தான். அவன் கண்ணில் உயிர் வந்தது. ஈட்டி பிறந்ததிலிருந்து அத்தனை சந்தோஷப்பட்டதில்லை.

மறுநாள் காலை மெபுகோரியின் மாட்டுப்பட்டி முள்வேலி வாசலில் சிங்கம் நின்றது. அதன் முன்னங்கால் நெற்றிவெள்ளையின் கழுத்தில் இருந்தது.

"கூட்டாளி, நேத்து உன் விருந்து. இன்னிக்கு என்னோடது," என்றது சிங்கம். "தனியாச் சாப்பிடக் கூடாதாமே? வா, முதல் கடி நீ கடி."

"மரியாதையாத்தான் பிடிச்சிருக்கார்," என்றது நெற்றிவெள்ளை, நடுங்கியபடி. "ஆனாலும் சீக்கிரம் ஏதாவது பண்ணுங்க."

மெபுகோரியின் கையில் ஈட்டி விம்மி எழுந்தது. இதற்குத்தானே அது பிறந்தது!

"கூட்டாளியைக் குத்தக் கூடாது," என்றது குடுக்கை.

சிங்கத்தைக் கூட்டாளி ஆக்கியது யார்? ஈட்டியேதான். அது அப்படியே தளர்ந்து சாய்ந்தது.

மெபுகோரி பசுவைப் பார்த்தான். நேற்றுக் குடித்த பால் கரைந்து, வயிறு மறுபடியும் கூவத் தொடங்கியிருந்தது. "எனக்குப் பசிக்கல," என்றான்.

சிங்கத்தின் முகம் வாடிவிட்டது. ஆனாலும் காலை எடுத்துக்கொண்டது. "அப்போ நானும் சாப்பிட முடியாது. பரவாயில்ல, உனக்குப் பசிக்கிற வரைக்கும் இங்கேயே இருக்கேன்," என்று வாசலுக்கு வெளியே உட்கார்ந்தது.

வாசலுக்கு உள்ளே மெபுகோரி உட்கார்ந்தான். குடுக்கையைத் தொட்டால் பசி என்று தெரிந்துவிடும், ஆகவே அவன் அதன் பக்கம்கூடத் திரும்பவில்லை. நடுவில் நெற்றிவெள்ளை அசையாமல் நின்றது. இரண்டு வயிறுகளும் மாறி மாறி உறுமின.

குடுக்கைக்கு மட்டும் பரம திருப்தி. "அப்பாடா," என்றது, "இனிமே இங்க யாரும் தனியா இல்லை."