அரண்மனைப் பாதைக்கு முத்திரை எங்கே?

ரொம்ப காலத்துக்கு முன்னால் மருதங்காவூரை அரிகண்டன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்ல மனுஷன்தான். கோபம் வந்தால் சட்டம் போடுவான், அதுதான் ஊருக்குத் தொல்லை. ஒருநாள் வீதியோரம் நின்ற வண்டியில் அவனுடைய ரதம் உரசி, தலைப்பாகை மண்ணில் உருண்டது. "இனி வீதியில் எந்த வண்டி நின்றாலும் பறிமுதல். அவரவர் வண்டி அவரவர் முற்றத்தில் நிற்கட்டும்" என்று உத்தரவு போட்டுவிட்டான்.

வீட்டுக்கும் வீதிக்கும் நடுவே மழைநீர்க் கால்வாய். வண்டி உள்ளே போக அதன்மேல் பாதை போடவேண்டும். அதற்கான அனுமதி முத்திரை வீதி அதிகாரி விருத்தகிரியின் கையில். மந்திரி இளநாகரின் செல்வாக்கைக் கண்டு வயிறெரிந்துகொண்டிருந்த ஆள் அவர். தானும் மூளைக்காரன் என்று காட்ட, விதிகளை எழுதித் தள்ளினார். பக்கத்து வீட்டார் சம்மதிக்க வேண்டும். முற்றத்து மழைநீர் வீதிக்கு வரக்கூடாது. பாதையை நேரில் பார்த்த பிறகே முத்திரை. முத்திரை இல்லாமல் பாதை போட்டால் குற்றம்.

அரண்மனைக்கு அடுத்த வீட்டில் எண்ணெய் ஆட்டி விற்கும் பேச்சியம்மைக்கு இருந்தது ஒரே வண்டி. அது போனால் அடுப்பு எரியாது. நேரே சபைக்கு வந்துவிட்டாள்.

"மகாராஜா, பாதை போட்டாத்தான் முத்திரையாம். முத்திரை இருந்தாத்தான் பாதையாம். வண்டிய நான் தலையிலயா தூக்கி வெச்சுக்கிறது?"

"பாதையைப் போட்டுவிட்டு வா அம்மா, பார்க்கிறேன்" என்றார் விருத்தகிரி.

"போட்டா என்னையப் பிடிப்பீங்களே?"

"ஆமாம், அது வேறு விதி."

ராஜாவுக்கு ஒரே பெருமை. "சட்டமென்றால் இதுவல்லவோ சட்டம். நாளை சாயங்காலத்துக்குள் முத்திரை இல்லாவிட்டால் வண்டி பறிமுதல்."

"விதி எல்லாருக்கும் ஒன்றுதானே?" என்று கேட்டார் இளநாகர்.

"எல்லாருக்கும். எனக்கும்தான்."

மந்திரி தாடியைத் தடவிக்கொண்டார்.

மறுநாள் காலை ராஜாவும் விருத்தகிரியும் ஒரே ரதத்தில் கோவிலிலிருந்து திரும்பினார்கள். அரண்மனை வாசலில் இளநாகர் குறுக்கே நின்றார்.

"இந்தப் பாதைக்கு முத்திரை உண்டா மகாராஜா?"

"என் பாட்டன் போட்ட பாதை ஐயா இது."

"பாட்டனார் முத்திரை வாங்கவில்லையே. உள்ளே போனால் குற்றம்."

"சரி, ரதம் இங்கேயே நிற்கட்டும்."

"நின்றால் பறிமுதல்."

"வேறென்ன செய்யச் சொல்கிறீர்?"

"ஓடிக்கொண்டே இருங்கள்."

சபையில் சொன்ன வார்த்தையை மீற முடியுமா? ரதம் ஊரைச் சுற்றியது. ஒவ்வொரு சுற்றிலும் அரண்மனை அடுக்களையின் நெய்ப்பொங்கல் வாசனை மூக்கைத் துளைத்தது. மூன்றாவது சுற்றில் ராஜா பல்லைக் கடித்தான். "முத்திரையைக் குத்தித் தொலையுமய்யா."

"பக்கத்து வீட்டார் சம்மதம் வேண்டுமே" என்று முனகினார் விருத்தகிரி.

பேச்சியம்மை தன் வாசலிலிருந்தே குரல் கொடுத்தாள். "எனக்குச் சம்மதந்தான் மகாராஜா. ஆனா ஐயா எறங்கிப் பாதையப் பாக்கணுமே? வண்டியும் நிக்கக் கூடாதே?"

"அப்படியானால் குதியும்" என்றான் ராஜா.

விருத்தகிரி குதித்தார், கால்வாய்க்குள்.

சேறு சொட்ட அவர் எழுந்ததைப் பார்த்து ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து முடித்ததும் அவனுக்கே வெட்கமாகப் போயிற்று. மந்திரிக்கு முத்துமாலையைக் கழற்றிக் கொடுத்தான். விருத்தகிரியின் முத்திரையை வாங்கி, இனி குத்துவது நீதான் என்று பேச்சியம்மையிடம் ஒப்படைத்தான். "மழைநீர் விதி நல்ல விதி, அது இருக்கட்டும். மற்றதெல்லாம் நாளை முதல் ரத்து. இன்றைக்கு இந்த அம்மாவின் பாதையை விருத்தகிரியே போடட்டும்" என்றான்.

கால்வாய்மேல் பலகை, முற்றத்தில் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கச் சரளைக்கல். விருத்தகிரி கடைசிக் கூடையைக் கொட்டி நிமிர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. விதிகள் ரத்தாவது நாளைதான், தன் வீட்டு வண்டியும் வீதியில்தான் நிற்கிறது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஓடிப்போய்ப் பேச்சியம்மையைக் கும்பிட்டார்.

அவள் முத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டே சொன்னாள்: "பாதையப் போட்டுட்டு வாங்க ஐயா, பாக்குறேன்."