நிற்காத இஸ்திரி வண்டி

தெருவில் வண்டியை நிறுத்தியதற்கு அபராதம் என்று அஞ்சலாட்சியின் இஸ்திரி வண்டியில் நகராட்சி நோட்டீஸ் ஒட்டியது. மறுபடி நின்றால் பறிமுதலாம். பாதித் தெருவை அடைத்து நின்ற, நகராட்சித் தலைவர் வைரக்கண்ணுவின் காருக்கு வரும்போது மட்டும் பசை தீர்ந்துவிட்டது.

அவள் நேரே தலைவர் வீட்டுக்குப் போனாள். "வண்டி போனா என் பொழப்பே போச்சுங்க ஐயா."

"சட்டம் சட்டம்தான். வண்டி நிற்கக் கூடாது. நாளைக்கு அமைச்சர் வர்றார், இந்தப் புதுச் சட்டையைத் தேய்ச்சு வை" என்றார் தலைவர். கூலி கொடுக்கும் வழக்கம் அவருக்கு இல்லை.

"ஆகட்டுங்க. நிக்காது."

மறுநாள் வண்டி நிற்கவே இல்லை. ஒரு கையால் தள்ளினாள், மறுகையால் தேய்த்தாள். துணி கொடுத்தவர்கள் சிரித்தபடி கூடவே ஓடி வாங்கிக்கொண்டார்கள். தலைவர் பனியனோடு வாசலுக்கு வந்தார்.

"ஏய், என் சட்டை!"

"தயாருங்க! ஓடி வந்து எடுத்துக்குங்க!"

வண்டி கடைத்தெருவைச் சுற்றியது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தலைவர் பின்னால் ஓடினார். வேடிக்கை பார்க்க ஊரே அவர் பின்னால் ஓடியது. வண்டி பழைய இடத்துக்குத் திரும்பியபோது தெருமுனையில் அமைச்சரின் கார் தெரிந்தது.

"நிறுத்துடி! இங்கேயே நிறுத்து!" என்று தலைவர் அலறினார்.

வண்டி சட்டென்று நின்றது. "தலைவரே இங்க நிறுத்தச் சொல்லிட்டாரு, கேட்டீங்களா?"

"கேட்டோம்!" என்றது கூட்டம்.

அவள் முதலில் வண்டியிலிருந்து உரித்த நோட்டீஸைத்தான் நீட்டினாள். தலைவர் மூச்சிரைக்க அதைக் கிழித்துப் போட்டு, சட்டைக்குக் கை நீட்டினார்.

"தேய்ச்ச கூலி?" என்றாள் அஞ்சலாட்சி.