பாயசம் கொதிக்கும்வரை வெறும் இலை

இணையதளம் கட்டித் தருகிற கம்பெனியில் மாசிலாமணிதான் மேனேஜர். புதுசாய்ச் சேர்ந்த வேணியை எல்லார் முன்னாலும் கூப்பிட்டார்.

"சேலைக்கடையோட வெப்சைட் பக்கத்துல ஆயிரம் படமும் ஒண்ணா வரணும். ஆனா தட்டின உடனே திறக்கணும். முடியலேன்னா நாளையிலேர்ந்து வராதம்மா."

"ஆகட்டும் சார்."

ஆயிரம் படமும் வந்து சேரும்வரை பக்கம் திறக்காது என்று வேணிக்குத் தெரியும். அன்றைக்கு ஆபீஸில் ஆயுத பூஜை விருந்து. பரிமாறியது வேணி. மேனேஜருக்கு இலையைப் போட்டுவிட்டுச் சும்மா நின்றாள். அவருக்கோ நல்ல பசி.

"சோறு எங்கம்மா?"

"வெந்தாச்சு சார். பாயசம்தான் இன்னும் கொதிக்குது. எல்லாம் ஒண்ணா வைக்கலாம்னு இருக்கேன்."

"நல்லா இருக்கே. முதல்ல சோத்தையும் சாம்பாரையும் போடு. சாப்பிடச் சாப்பிட மத்தது வரட்டும்."

வேணி சோற்றைப் போட்டபடியே, "அப்போ சேலைப் படத்தையும் இதே மாதிரி பார்க்கப் பார்க்க வரவச்சிடறேன் சார்" என்றாள்.

பந்தியே சிரித்தது. மேனேஜர் வாய் நிறையச் சோறோடு தலையை ஆட்டினார். வேணிக்கு வேலை நிலைத்தது.