காட்டுக்கோழிப் புத்தி

அரண்மனைக் கோழிக்காரன் ஒச்சப்பனுக்கு ஜமீன்தார் பட்டு வேட்டி கொடுத்தார். அன்றிலிருந்து காரியஸ்தர் திரவியம் பிள்ளைக்கு வயிற்றெரிச்சல் அடங்கவேயில்லை. ஒருநாள் ஒச்சப்பன் எதிரிலேயே ஜமீன்தாரிடம் சொன்னார்:

"எஜமான், காட்டுக்கோழி ஆள் நிழலைக் கண்டாலே பறக்கிறது. இவன் வளர்க்கிற மக்குக் கோழிகள் கீரி வந்தாலும் தீனி என்று ஓடி வருகின்றன. எட்டே நாளில் இதுகளுக்குக் காட்டுப் புத்தி வரவேண்டும். வராவிட்டால் இவனை விரட்டுங்கள்!"

ஒச்சப்பன் கும்பிட்டான்.

"சாமி, தலைமுறை தலைமுறையா வேளைக்குத் தீனி வந்தா, பயம் எதுக்கு, றெக்கை எதுக்கு? காரியஸ்தரய்யா குடும்பமும் மூணு தலைமுறையா அரண்மனைச் சோறுதான். எட்டு நாள் அதை நிறுத்துங்க. அய்யா காட்டுல இரை தேடிப் பொழச்சு வந்தா, கோழியும் பறக்கும்."

பதிலடி கொடுக்கப் பிள்ளை வாயெடுத்தார். உள்ளே சாப்பாட்டு மணி அடித்தது. வாய் நின்றது, கால் ஓடியது.