மருதியின் வயிற்றுக்குள் ஒரு குரல்

காட்டுக் குளத்தங்கரையில் மருதி என்றொரு பெண் கடமான் இருந்தாள். அவள் தலைச்சன் குட்டியைச் சுமந்துகொண்டிருந்தாள்.

பக்கத்துப் பலாமரத்தில் குடியிருந்த மந்திக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "அடி மருதி! இனிமே நீ ரெண்டு பேருக்குச் சாப்பிடணும்! அசையாம உட்காரு, நான் போடுறேன்!" என்று சுளை சுளையாக உதிர்த்தாள்.

மருதி உட்கார்ந்தாள். தின்றாள். சுளை தீர்ந்ததும் கீழே கிடந்த நாவற்பழங்களையும் விட்டுவைக்கவில்லை. குளத்துக்கு நடக்கக்கூடச் சோம்பல் வந்தது. வயிறு பானையாக உப்பியது. குட்டி உதைத்த உதையில் அவளே ஓரடி நகர்ந்தாள்.

"பாத்தியா, எப்படிக் கொழுகொழுன்னு வளருறான்!" என்று மந்தி கை தட்டினாள்.

அந்த வழியே வந்த ஆண் மயில் மருதியை மேலும் கீழும் பார்த்தான். "உள்ள இருக்கிறது மானா, யானையா? இந்தக் கனத்தோட அது வெளியே வர்றதுக்குள்ள உன் பாடு திண்டாட்டம்தான்! புலி வந்தா ஓடுவியா, உருளுவியா?"

மருதி பதறி எழுந்தாள். "ஐயோ! என்ன செய்யட்டும் அண்ணே?"

"வாயைக் கட்டு!"

கட்டினாள். ஒரேயடியாகக் கட்டினாள். பாதியில் நிற்பது அவளுக்குப் பழக்கமில்லை. புல்லைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான்காம் நாள் காலை வயிற்றில் அசைவே இல்லை. மருதி நின்று பார்த்தாள். படுத்துப் பார்த்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தாள். ஒன்றுமில்லை.

"கண்ணு, இருக்கியா?" அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வெகுநேரம் கழித்து உள்ளேயிருந்து மெல்லிய குரல் வந்தது. "இருக்கேம்மா. உதைக்கத்தான் தெம்பில்லை."

"உனக்கு என்ன வேணும், சொல்லு!"

"இப்பவாவது கேட்டியே! அன்னிக்கெல்லாம் ஒரே தித்திப்பா அனுப்பினே. நான் வேண்டாம்னு தள்ளவா முடியும்? ஊதிப்போனேன். இப்ப ஒண்ணுமே வரலை. எனக்குன்னு இங்கே தனி அடுப்பா இருக்கு? உன் ரத்தத்துல வர்றதுதாம்மா எனக்குச் சாப்பாடு!"

மருதிக்கு வெட்கமாகப் போயிற்று. தள்ளாடி எழுந்தாள். இளம்புல்லை நிதானமாக மென்றாள். குளம்வரை நடந்து தண்ணீர் குடித்தாள். மாலையில் விலாவில் ஓர் உதை விழுந்தது. அழுதுகொண்டே சிரித்தாள்.

அன்றுமுதல் பசித்தால் தின்றாள். பசி அடங்கினால் நிறுத்தினாள். தினமும் நடந்தாள். மந்தி கூடுதலாக உதிர்த்தால், "போதும் அக்கா!" என்றாள். மயில் முறைத்தால், "உங்க வேலையைப் பாருங்க அண்ணே!" என்றாள்.

முதல் மழைக்கு மறுநாள் குட்டி பிறந்தது. மருதி பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆனால் குட்டி சீக்கிரமே நான்கு காலையும் ஊன்றி எழுந்து மடியைத் தேடியது.

"எல்லாம் என் பலாச்சுளை!" என்றாள் மந்தி.

"போடி! எல்லாம் என் யோசனை!" என்றான் மயில்.

மருதி இரண்டு பேரையும் திரும்பிப் பார்க்கவில்லை. குட்டி பால் குடிக்கும் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

தாயின் உடம்பில் சேருவதே பிள்ளைக்கும் சேருவதால், பிள்ளை சுமப்பவள் ஊரார் பேச்சைக் கேட்டு அள்ளித் தின்னவும் கூடாது, பட்டினி கிடக்கவும் கூடாது.